முத்திரை என் மேசையில் இருக்கிறது

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது நான் யோசித்த கதை அல்ல; சற்றுமுன் என் மனைவி போனில் சொன்னது. எல்லைச் சாவடியில் அவள் கால்நடை மருத்துவர். ஐந்து நாடுகள் ஒரே சந்தையானபோது, இனி இங்கே சோதனை கிடையாது, முத்திரைகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று உத்தரவு வந்தது. பதினாறு வருடம் பிடித்த கை. இவள் மட்டும் தன்னுடையதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். என் தாள்கள் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன்.

2
பிராந்திய ஒருங்கிணைப்பு என்பது உலக ஆளுகையின்

(அடித்துவிட்டேன். கட்டுரை வாடை.)

ஒரு லாரி நிற்கிறது. உள்ளே நேற்று முட்டையிலிருந்து வெளிவந்த எட்டாயிரம் கோழிக்குஞ்சுகள். எல்லை தாண்டி விமானம் ஏற வேண்டும். ஐந்து நாட்டுக் கூட்டமைப்பின் சட்டப்படி எல்லையில் முத்திரை குத்தக் கூடாது. கால்நடை நலத்துக்கான உலக அமைப்பின் படிவத்திலோ எல்லை முத்திரைக்கென்று ஒரு கட்டம்; அது காலியாக இருந்தால் ஏற்றமாட்டார்கள்.

(உலக அமைப்பு, உங்கள் நாட்டைக் கேள் என்கிறது. நாடு, அதிகாரத்தைக் கூட்டமைப்பிடம் கொடுத்தாயிற்று என்கிறது. கூட்டமைப்பு, உலக அமைப்பைக் கேள் என்கிறது. யாரை வில்லனாக்குவது? எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள்.)

3
ஓட்டுநரைக் கோபக்காரராக எழுதினேன். தப்பு. அவர் பெட்டிகளுக்குத் துண்டால் விசிறிக்கொண்டிருக்கிறாராம்.

"குஞ்செல்லாம் நல்லா இருக்கு, நானே பார்த்தேன். சாயங்காலம் வரைக்கும் தாங்காது. அந்த முத்திரையை எடுத்துட்டு வர்றீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"குத்தினா உன் வேலை?"

"போயிடும்னுதான் நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள்.

எனக்குப் பயமாக இருந்தது. எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லி மழுப்பி, போனை வைத்துவிட்டேன்.

4
முடிவு அ: போகிறேன், குத்துகிறாள். குஞ்சுகள் பறக்கின்றன (விமானத்தில்தான்). அவள் வீட்டில் இருக்கிறாள். நாளை வேறொருவர் நோய் பிடித்த லாரிக்கும் இப்படிக் குத்தினால்?

முடிவு ஆ: போகவில்லை. சட்டங்கள் எல்லாம் பத்திரம். சாயங்காலம் ஓட்டுநர் விசிறுவதை நிறுத்துகிறார்.

முடிவு இ: மூன்று அலுவலகங்களும் கலந்து பேசி ஒரே பதிலைச் சொல்கின்றன. (நம்பமாட்டீர்கள், விடுங்கள்.)

5
முத்திரையை எடுத்துவிட்டேன். தாள்கள் அறையெங்கும் பறக்கின்றன. எது எதற்குப் பின் என்று தெரியவில்லை. சாவடிக்கு அரைமணி நேரப் பயணம். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.

போன் அடிக்கிறது. அவள்தான். கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், இனி உங்களுக்கும் இதில் பங்குண்டு. எடுக்கிறேன். என்ன சொல்லட்டும்?