பிஸ்கட்டுக்கு ஒரு தரை

எதையும் இருக்கிறபடி விட்டுவைப்பது ஜம்புநாதனின் சுபாவத்திலேயே இல்லை. அமெரிக்காவில், பிளானோவில் அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் அதற்காகவே சம்பளம் கொடுத்தார்கள். யார் என்ன எழுதி அனுப்பினாலும் சிவப்புப் பேனாவால் திருத்தி, "டாகுமென்ட்டை முழுசாப் படிக்காம யாரும் என்கிட்ட வரக் கூடாது" என்று உபதேசமும் செய்வார். வீட்டில் சம்பளம் இல்லாமலேயே அந்த வேலை நடந்தது. டிஷ்வாஷரில் தட்டு அடுக்கும் முறையை மூன்று தடவை மாற்றி, கடைசியில் மனைவி ஷ்யாமளாவைக் கையாலேயே பாத்திரம் தேய்க்க வைத்த பெருமை அவருடையது.

ஆகவே அவர்கள் பெண் அதிதி, பன்னிரண்டு வயது, ஒன்பது நாள் சம்மர் கேம்ப்புக்குக் கிளம்பும் முன் ஒரு தாளை டைப் செய்து ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுப் போனாள். எல்லாம் அவளுடைய லெப்பர்ட் கெக்கோவைப் பற்றி. சிறுத்தைப் புள்ளி போட்ட பல்லி அது. நம் ஊர்ப் பல்லி மாதிரி சுவர் ஏறத் தெரியாது, கண்ணுக்கு இமை உண்டு, எந்நேரமும் சிரித்த முகம். பெயர் பிஸ்கட். எத்தனை மணிக்கு விளக்கு, எத்தனை பூச்சி என்று இங்கிலீஷில் ஒன்பது வரி. பத்தாவது வரி தடித்த எழுத்தில்: 'அப்பா, ப்ளீஸ், எதையும் இம்ப்ரூவ் பண்ணாதே.'

ஒரு நாள் பொறுத்தார். இரண்டாம் நாள் கண்ணாடித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் பேப்பர் டவல் விரித்திருந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை.

"நம்மாத்துக்கு வந்த ஜீவன் காகிதத்துலயா படுத்துக்கறது? பாலைவனத்துப் பரம்பரைடி அது!"

"அதிதி எழுதி வெச்சதைப் படிச்சேளோ இல்லையோ?"

"படிச்சேன். இது இம்ப்ரூவ்மென்ட் இல்ல, கரெக்‌ஷன்."

கடையில் ஒரு மணல் பை இருந்தது. பையின் மேல் ஒரு கெக்கோ காதுவரை சிரித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அந்த அத்தாட்சி போதும். இரண்டு அங்குல உயரத்துக்குப் பொன் நிற மணலைக் கொட்டி, ஓரத்தில் ஒரு மணல் மேடும் கட்டினார். பிஸ்கட் ஒரு பூச்சியைப் பாய்ந்து கவ்வியது. பூச்சியோடு ஒரு வாய் மணலும் உள்ளே போனது. ஜம்புநாதன் கைதட்டினார்.

அதற்குப் பிறகு பிஸ்கட் வெளிக்கே போகவில்லை.

ஐந்தாம் நாள்தான் அவர் இன்டர்நெட்டில் தேடினார். மணலை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து என்று போட்டிருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து அதிதி ஃபோன் செய்தாள்.

"அப்பா, டிட் பிஸ்கட் பூப்?"

"டெய்லி, கண்ணா. ராஜா மாதிரி."

ஃபோனை வைத்தபிறகு தொட்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்தப் பல்லிக்காக அந்தக் குழந்தை இரண்டு வருஷம் கெஞ்சியிருந்தாள். நாற்பது ஸ்லைடு போட்டு வாதாடியிருந்தாள். இதற்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? அவருக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது. பிஸ்கட்டுக்குத்தான் கலக்கவில்லை.

ஷ்யாமளா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மூன்று வீடு தள்ளியிருக்கும் காமாக்ஷி மாமி விளக்கெண்ணெயும் வெற்றிலையுமாக வந்து இறங்கினாள். கைக்குழந்தைகளுக்கு மலச்சிக்கல் என்றால் வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து வைப்பதில் மாமி கெட்டிக்காரி. நோயாளியைப் பார்த்தாள், காம்பைப் பார்த்தாள்.

"காம்பு அதோட காலை விடன்னா பெருசா இருக்கு? எங்கே போய் வெக்கறது?" என்றாள். "ஆனா முகத்துல களை இருக்கு. பிழைச்சுக்கும்."

மறுநாள் மிருக டாக்டரிடம் ஓடினார்கள். அந்த அம்மாள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, மணல் கொஞ்சம்தான் போயிருக்கிறது, வெதுவெதுப்பான தண்ணீரில் தினம் இருபது நிமிடம் உட்கார வையுங்கள் என்றாள். தரைக்குப் பேப்பர் டவல் போதும், இல்லாவிட்டால் சமதளமான கல் டைல். மணலைப் போட்டது யார் என்றும் கேட்டாள்.

"பையில படம் போட்டிருந்தான்" என்றார் ஜம்புநாதன், மெல்லிய குரலில்.

மணலையெல்லாம் அள்ளிக் கொட்டினார். ஆனால் மறுபடி பேப்பர் டவலுக்குப் போக அவருடைய ரோஷம் இடம் கொடுக்கவில்லை. டைல் கடைக்குப் போனார். எந்த அறைக்கு என்று கடைக்காரர் கேட்டார். பெட்ரூம் என்றார். அளவு? மூன்றடிக்கு ஒன்றரை அடி. கடைக்காரர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். ஜம்புநாதன் ஒவ்வொரு கல்லிலும் கன்னத்தை வைத்து வழவழப்பு பார்த்து, ஒரு கறுப்பு ஸ்லேட் கல்லைத் தேர்ந்தெடுத்தார்.

"கிச்சன் தரையை மாத்துங்கோன்னு ஆறு வருஷமா சொல்றேன். எந்தக் கல்லும் உங்களுக்குப் பிடிக்கல" என்றாள் ஷ்யாமளா. "பல்லிக்கு இருபது நிமிஷத்துல முடிஞ்சுது. அடுத்த ஜன்மத்துல நானும் வாலோட வரேன்."

ஏழாம் நாள் காலை, வீட்டிலிருந்தே ஆபீஸ் மீட்டிங். மேஜையில் லேப்டாப், அதன் பக்கத்தில் ஐஸ்கிரீம் டப்பாவில் வெந்நீர், அதில் தாடை முழுகாமல் நின்றபடி பிஸ்கட். யாரோ மூன்றாம் காலாண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பிஸ்கட் வாலைத் தூக்கியது.

"போயிடுத்து! போயிடுத்து! மணலோட போயிடுத்து!"

மைக்கை அணைக்க மறந்திருந்தார். பதினான்கு பேர் அப்படியே உறைந்தார்கள். சான்டா கிளாரா ஆபீஸிலிருந்து, தமிழ் தெரிந்த மணியன் மட்டும் பதறிப்போய், "சார், யாரு போயிட்டா?" என்றான். ஜம்புநாதன் டப்பாவைத் தூக்கி கேமராவுக்கு நேரே காட்டினார். விஷயம் புரிந்ததும் பதினான்கு பேரும் கைதட்டினார்கள். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அதிதி வந்தாள். பையைக் கூட இறக்காமல் தொட்டியிடம் போனாள். கறுப்பு ஸ்லேட்டின் மேல் பிஸ்கட் ஜம்மென்று படுத்திருந்தது. ஜம்புநாதன் பள்ளிப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் சொன்னார். மணல், ஃபோனில் சொன்ன பொய், வெற்றிலைக் காம்பு எதையும் மறைக்கவில்லை. "ஸாரிடா கண்ணா. உன்கிட்ட பொய் சொன்னதுதான் ரொம்ப உறுத்தறது."

அதிதி பையை இறக்கி வைத்தாள். பிறகு, தாளின் பின்பக்கம் படித்தாயா என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"எந்தப் பின்பக்கம்?"

அவள் ஃபிரிட்ஜிலிருந்து காந்தத்தை எடுத்து, தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

'அப்பா, நீ எப்படியும் மணல் போடுவாய். போட்டிருந்தால் உடனே அள்ளிவிடு. வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் வை. டாக்டர் நம்பர் கீழே இருக்கிறது. பயப்படாதே. எனக்குக் கோபம் இல்லை.'

ஜம்புநாதன் இரண்டு தடவை படித்தார். வழக்கம்போல் கை தானாகச் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவைத் தொட்டது. அதில் திருத்துவதற்கு அவருக்கு ஒரு எழுத்துகூட இல்லை.