ஜுரம் விட்ட பிறகு

பால்கனியிலிருந்து பார்த்தேன். கீழே ஷரஃபுதீன் ஸ்கூட்டரை நிறுத்தினான். பின்னால் ஜஹீதா. மடங்கியிருந்த அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

சென்ற வருடம் அடையாறில் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே அறையில், அவளுக்கும் என் மனைவி நீரஜாவுக்கும் பேஸ்மேக்கர் வைத்தார்கள். கணவன்மார் இருவரும் கேன்டீனில் பழகினோம். இப்போது நீரஜா இல்லை. எப்படிப் போனாள் என்று அவனிடம் நான் சொன்னதில்லை. ஜஹீதா சிந்தாதிரிப்பேட்டையில் அவர்களுடைய அட்டைப்பெட்டிக் கடையில் கல்லாவில் உட்காருகிறாள்.

ஷரஃபுதீன் மட்டும் மாடியேறி வந்தான். ஜஹீதாவுக்கு ஜுரம் வந்ததாகவும், பேஸ்மேக்கர் இருக்கும் இடத்தில் தோல் சிவந்திருப்பதாகவும் சொன்னான். தெருமுனை டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஜுரம் இறங்கிவிட்டதாம்.

"ஞாயித்துக்கெழம அவ தங்கச்சி இஃப்ராவுக்கு நிக்காஹ், மச்சி. அத முடிச்சிக்கினு ஆஸ்பத்திரி போலாம்ன்றா. இதெல்லாம் பாத்தவன் நீ. இன்னா சொல்ற?"

சரி என்று ஒரு வார்த்தை போதும். அவனும் என்னைப் போல் ஆவான். அவன் காலரும் மடங்கியே கிடக்கும். காபி ஆற்றி முடிக்கும்வரை அந்த நினைப்போடு இருந்தேன். இனித்தது.

"நீரஜாவுக்கும் ஜுரம் விட்டுடுத்து," என்றேன்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

மிச்சத்தையும் சொன்னேன். கிருமிகள் பேஸ்மேக்கரிலும் அதன் ஒயரிலும் பாசி போல ஒட்டி, தங்களைச் சுற்றி வழவழவென்று ஒரு படலம் கட்டிக்கொள்ளும். ரத்தத்தில் மிதப்பவற்றை மருந்து கொல்லும், ஜுரம் இறங்கும். படலத்துக்குள் இருப்பவை பிழைத்து மறுபடி கிளம்பும். எல்லாவற்றையும் வெளியே எடுத்தால்தான் தீரும். உடனே எடுக்கச் சொன்னார் டாக்டர். ஜுரம்தான் இல்லையே, சந்திராஷ்டமம் கழியட்டும் என்றார் மாமனார் அனந்தராமன். பிறகு அஷ்டமி, நவமி. எல்லாம் கழிவதற்குள் ரத்தம் விஷமாகிவிட்டது.

ஷரஃபுதீன் செருப்பைப் பாதி மாட்டிக்கொண்டே இறங்கினான். கீழே ஜஹீதா மறுத்தாள். மருதாணி, புடவை, சொந்தக்காரர்கள் என்றாள். அவன் அவள் தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வாரைப் பூட்டினான். அவள் அவன் முதுகில் குத்தினாள். வண்டி அடையாறு பக்கம் திரும்பும்வரை பார்த்தேன்.

அடுத்த வாரம் போன் செய்தான். எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டதாம். கிருமி இருந்ததாம். மறுபக்கம் புதிதாக வைப்பார்களாம். நிக்காஹை ஜஹீதா படுக்கையிலிருந்தே வீடியோ காலில் பார்த்தாளாம்.

"உன்னாலதான் மச்சி," என்று அழுதான்.

அவன் மூக்கை உறிஞ்சுவதைப் பின்னால் ஜஹீதா கேலி செய்வது கேட்டது.

போனை வைத்துவிட்டேன்.