நகரும் பஞ்சு

பிரபாகருக்குப் பஞ்சு புதிதல்ல. திருப்பூர் நல்லூரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின் ஓட்டிப் பன்னிரண்டு வருஷம். மூக்கு, புருவம், சோற்றுத் தட்டு, எங்கே தடவினாலும் அதுதான். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், உடுமலைப்பேட்டைப் பக்கம் இருக்கும் தன் மல்பெரித் தோட்டத்தில் செடிக் கணுவெல்லாம் வெள்ளையாக ஒட்டிக் கிடந்ததைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்புதான் வந்தது.

"கம்பெனிப் பஞ்சு ஊட்டுக்கே வந்துருச்சு பாருங்க மாமா" என்றாள் அவன் மனைவி நிர்மலா. இடுப்பில் இலைக் கட்டு, கையில் அருவாள். "நீங்க கட்டுன பனியன் வேஸ்ட்டுலிருந்துதானுங்க உதுந்திருக்கு."

மூன்று வாரத்துக்கு முன், ஆடிக் காற்றில் செடிகள் சாய்ந்தபோது, கட்டிங் மேஜையில் மிஞ்சிய துணிக் கீற்றுகளை மூட்டையாகக் கொண்டுவந்து, கீழ்ப்பக்கம் நான்கு சால் வரிசையில் செடிகளைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டியவன் அவன்தான். அந்த மூட்டை அதற்கு முன் ஒரு மாதம் அவன் நல்லூர் ரூம் வாசலில், பப்பாளி மரத்தடியில் கிடந்தது.

ஊதினான். பறக்கவில்லை.

அவன் ஊதிப் பறக்காத பஞ்சை இதுவரை பார்த்ததில்லை. விரலால் வழித்தான். பிசுபிசுவென்று ஒட்டியது. நசுக்கினால் மஞ்சளாகத் தண்ணீர். கணுவைச் சுற்றிக் கட்டெறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கண்ணருகே கொண்டுபோனபோது, கடுகில் பாதி அளவு வெள்ளைப் பொடி ஒன்று கால் முளைத்து அவன் நகத்தின் மேல் ஏறியது.

"நிர்மலா, இது பூச்சி."

"பூச்சிங்களா? இப்படி ஒரு பூச்சிய நான் பாத்ததே இல்லீங்களே."

அவனும் பார்த்ததில்லை. ஆனால் பூச்சியென்று தெரியாமல் பார்த்திருந்தான். நல்லூர்ப் பப்பாளி மரம் முழுக்க இதே வெள்ளைதான். பக்கத்து யூனிட் பஞ்சு என்று தெருவே ஓனரைத் திட்டியது. போன வாரம் அந்த மரம் இலையெல்லாம் சுருண்டு, நின்ற இடத்திலேயே வாடிப்போனது.

கொட்டகையில் பட்டுப்புழுக்கள் நான்காம் தோல் உரித்து, கூடு கட்ட இன்னும் ஐந்து நாள். இந்த ஐந்து நாள்தான் அவை மூச்சு விடாமல் தின்னும். இலை இல்லையென்றால் அத்தனையும் சாகும்.

"மருந்தடிச்சா?" என்று வாய்விட்டுக் கேட்டான்.

"மருந்தடிச்ச எலையத் தின்னா ஒரு புழு மிஞ்சாதுங்க. பேசறீங்களே!" அவள் கை அதற்குள் நான்காவது சாலைப் புரட்டிக்கொண்டிருந்தது. "அஞ்சாவதுல இல்லீங்க. ஆறுலயும் இல்ல. நீங்க உள்ள வராதீங்க! லுங்கியப் பாருங்க."

லுங்கி மடிப்பில் வெள்ளைப் புள்ளிகள் ஊர்ந்தன.

நான்கு சாலையும் வேரோடு பிடுங்கி அங்கேயே போட்டு எரித்தார்கள். லுங்கியும் அவள் சேலையும் அதே நெருப்பில் போயின. அவன் துண்டோடு நின்றான். அவள் பழைய நைட்டி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து, மிச்ச இலையைக் கண்ணால் அளந்தாள்.

"மூணு நாளைக்கு வரும். ரெண்டு நாளுக்கு பொங்கியண்ணங்கிட்டக் கேட்டாத்தான் உண்டு."

வேலிக்கு அந்தப் பக்கம் பொங்கியண்ணனின் மல்பெரி. பிரபாகர் அசையவில்லை.

"என்னுங்க?"

"அவருக்கும் ஒரு பை வேஸ்ட்டு குடுத்தேன்."

நிர்மலா அருவாளைக் கீழே வைத்தாள். "சொல்லாம எலை கேட்டா குடுத்துருவாரு. சொன்னா..." என்று இழுத்தவள், கொட்டகைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். "போய்ச் சொல்லுங்க. அவரும் புழு வெச்சிருக்காரு."

வேலியோரம் நின்று கூப்பிட்டான். பொங்கியண்ணன் பீடியோடு வந்தார். "என்ன கண்ணு, துண்டோட நிக்கற? புள்ள தொரத்திருச்சா?"

சொன்னான். பப்பாளி மரத்திலிருந்து நெருப்பு வரை எல்லாம். பொங்கியண்ணனின் பீடி வாயிலேயே அணைந்தது. திரும்பித் தன் முதல் சாலுக்குள் இறங்கினார். இலை விலகுவது மட்டும் தெரிந்தது. இரண்டாவது சால். மூன்றாவது. ஓர் இடத்தில் நெடுநேரம் குனிந்தார்.

நிமிர்ந்தார். "சிலந்திக் கூடு" என்று கத்தினார்.

தோட்டம் முழுக்கச் சுற்றி வர முக்கால் மணி நேரமானது. எங்கும் அந்த வெள்ளை இல்லை.

"பைய எங்கீங்ணா கட்டுனீங்க?"

"கட்டவே இல்லடா. மோட்டார் தொடைக்கறதுக்கு ரூமுல ஆணில மாட்டுனது, வாயக்கூட அவுக்கல." மோட்டார் ரூமிலிருந்து பையை ஒரு நீளக் கம்பில் தூக்கி வந்து, அவன் கண் முன்னாலேயே மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். கடைசிக் கீற்று கருகும்வரை நகரவில்லை. பிறகுதான் அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கண்ணு என்று கூப்பிட்டவர் இல்லை.

"நாளன்னிக்கு எலை வெட்டி வேலியில வெக்கறேன். உம்பட பொண்டாட்டி வந்து எடுத்துட்டுப் போவட்டும், குளிச்சுட்டு. நீ இந்த வேலியத் தொடாத."

"சரீங்ணா."

"திருப்பூருக்கு எப்பப் போற?"

"நாளைக்குக் காலைல பஸ்ஸுங்க."

"இன்னிக்கே போ."

கொட்டகை வாசலில் நிர்மலா முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் பத்தடி தள்ளியே நின்று, இன்றைக்கே பஸ் ஏற மாற்றுச் சட்டை ஒன்றை எடுத்து எறியச் சொன்னான்.