ரயிலைக் கோட்டைவிட்ட விடுமுறை

பள்ளிக்கூடம் மூடினால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். லிஃப்ட் மெக்கானிக்கான அவர்களுடைய அம்மாவுக்கோ தண்டனை. கணவன் கணக்கு வாத்தியார். விடுமுறைக்கும் டைம்டேபிள் போடுகிற ஜாதி. போன வருஷம் மியூசியம், கோட்டை, பூங்கா என்று ஒரே நாளில் ஓடியதில், சின்னவள் கோட்டை வாசலிலேயே படுத்து உருண்டு அழுதாள். அம்மாவுக்கும் பக்கத்தில் படுத்து உருள ஆசைதான். தெரிந்தவர் யாராவது பார்த்துத் தொலைப்பார்களே என்று அடக்கிக்கொண்டாள்.

இந்த வருஷம் மூன்று ஊர். மூட்டை முடிச்சோடு குடும்பமே லிஃப்டில் ஏறியது. பாதி வழியில் அது ஓர் உதறு உதறி நின்றது.

"என்னடி, உன் லிஃப்ட் இப்படிப் பண்ணுது?" என்றான் கணவன், அவள் பெற்று வளர்த்த மாதிரி.

அவள் ஆபீசின் அவசர நம்பருக்குப் போன் போட்டாள். டூட்டியில் இருந்த ஜூனியர் பையன் எடுத்தான்.

"பக்கத்துத் தெருவுலதான்க்கா இருக்கேன். இதோ வந்துட்டேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். பெரியவள் அப்பாவின் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, "யாரும் வரிசையை விட்டு நகரக் கூடாது!" என்று அப்பா குரலில் அதட்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கணவன் தன் போனுக்கு மட்டும் சிக்னல் கிடைக்காமல் அதைக் கூரை வரை தூக்கிப் பிடித்திருந்தான்.

"சாப்பிட்டியாடா?" என்றாள் போனில்.

"இல்லக்கா."

"சாப்பிட்டுட்டு நிதானமா வா. நாங்க எங்க ஓடிடப் போறோம்?"

அவன் நிஜமாகவே நிதானமாக வந்தான். அதற்குள் ரயிலுக்கு வைத்திருந்த தின்பண்டமெல்லாம் காலி. கணவனும் பெட்டிமேல் உட்கார்ந்து, தலைமையாசிரியர் தும்முவதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் யாரும் அதை அதுவரை பார்த்ததில்லை.

கதவு திறந்தபோது ரயில் எந்த ஊரைத் தாண்டிப் போயிற்றோ!

"அம்மாதான் மெதுவா வரச் சொன்னாங்க!" என்று போட்டு உடைத்தாள் சின்னவள்.

கணவன் முறைத்தான். "மனுஷியா நீ?"

"ஆமாங்க. அதான் அசதியா இருக்கு."

சாயந்தரம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன், பிறகு எங்கேயோ போய் இரண்டு இறகுப்பந்து மட்டையோடு வந்தான். விடுமுறை முழுக்க மொட்டைமாடியில்தான் கழிந்தது. ஆட்டத்தில் அவன் கூசாமல் ஸ்கோரை மாற்றிச் சொன்னான். பிள்ளைகள் "அழுகுணி! அழுகுணி!" என்று கத்தித் துரத்த, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினான்.