ஹொக்கியன் நூடுல்ஸில் மாங்காய்

ஜானட்டின் அப்பா அலெக்ஸாண்டர் என்னை மாப்பிள்ளையாக வேண்டாம் என்றதற்குக் காரணம் சாதி இல்லை, சம்பளமும் இல்லை. "அந்தப் பையன் எதையாச்சும் முழுசா முடிச்சுகிறானா? சொல்லு பாப்போம்" என்று ஜானட்டைக் கேட்டிருக்கிறார். கேட்டதில் நியாயம் இருந்தது. புறா வளர்த்தேன், பறந்துவிட்டன. கிதார் வாங்கினேன், முதல் கம்பி அறுந்ததோடு சரி. வீட்டிலேயே ரொட்டி சுடுகிறேன் என்று புளிக்க வைத்த மாவு, டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு வேலையை மட்டும் நான் இன்னும் விடவில்லை. அவர்களும் என்னை விடவில்லை.

அவரை மடக்க ஒரே வழிதான் இருந்தது. அலெக்ஸாண்டர் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் பல வருடம் வெல்டராக இருந்துவிட்டு ராயபுரம் திரும்பியவர். அன்றிலிருந்து எந்தச் சாப்பாடும் அவருக்கு ஒத்துவந்ததில்லை. மாதா கோயில் திருவிழா பிரியாணியைக்கூட ஓரமாகத் தள்ளிவிட்டு, "அங்க சீனாக்காரன் கடயில ஹொக்கியன் நூடுல்ஸ்னு ஒண்ணு கீது. அத துன்னவன் இத தொடமாட்டான்" என்பார். தெருவில் அவர் வாயால் அந்தப் பெயரைக் கேட்காதவர்களே கிடையாது.

சமைத்துப் போடுகிறேன் என்று சொல்லியனுப்பினேன். "ஞாயித்துக்கெழம பூசை முடிச்சிட்டு வரேன். அதயாச்சும் முடிக்கிறானான்னு பாப்போம்" என்று பதில் வந்தது.

அதிலிருந்து எனக்கு வேறு பேச்சே இல்லை. கண்ணில் படுகிற வீடியோவையெல்லாம் பார்த்தேன். பார்த்ததை யார்டு செக்யூரிட்டி வரைக்கும் பிடித்து வைத்து விளக்கினேன். மஞ்சள் நூடுல்ஸ், அரிசி நூடுல்ஸ் இரண்டும் கலக்க வேண்டும். பன்றிக் கொழுப்பை உருக்கி அதில்தான் பூண்டு வதக்க வேண்டும். காரப்பொடி கூடாது, புளி கூடவே கூடாது. உயிர் இருப்பது இறால் தலையில். தலையையும் ஓட்டையும் சிவக்க வறுத்து, தண்ணீர் ஊற்றி, கரண்டியால் நசுக்கிக் கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டும். அந்தச் சாற்றைத்தான் நூடுல்ஸ் குடிக்க வேண்டும். சாறு இல்லையென்றால் அது ஹொக்கியனே இல்லை, வெறும் கையேந்தி பவன் நூடுல்ஸ்.

ஞாயிறு விடிந்ததும் காசிமேடு மீன் சந்தைக்குப் போனேன். எப்போதும் அம்மாவுக்கு மீன் கொடுக்கிற முத்தம்மா அக்கா, இறாலை எடை போட்ட கையோடு தலையைக் கிள்ள ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, அக்கா! தலய போட்றாத. தல தான் எனக்கு வோணும்."

"இன்னாத்துக்கு நைனா? வூட்ல பூனை வளக்கிறியா?"

"மாமனாருக்கு."

பக்கத்தில் கடம்பா என்கிற கணவாயை அரிந்துகொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். முத்தம்மா அக்கா சிரிக்கவில்லை. "நீ தலய குடுத்தா, பொண்ணு குடுக்க சொல்லோ அவனுங்களும் தலய மட்டும் குடுப்பானுங்கோ பாத்துக்க" என்று சொல்லி, அடுத்தவர்கள் தள்ளிய தலைகளையும் அள்ளி என் பையில் போட்டார். நானும் கொஞ்சம் கடம்பா வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் எல்லாம் வீடியோ மாதிரியே நடந்தது. தலை சிவந்தது, நசுக்கியதும் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் பிரிந்தது. வாசனை எங்கள் சந்து முனைவரை போனது. வடிகட்டிய குண்டானை ஆறுவதற்காகப் பின்பக்கம், இறால் கழுவிய இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். மாப்பிள்ளை மீன் நாற்றத்தோடு நிற்க முடியாதே.

குளித்துவிட்டு வந்தால் அம்மா ஃப்ளோரா குண்டானைக் கவிழ்த்து விளக்கிக்கொண்டிருந்தாள். கறிவேப்பிலைச் செடி வைத்திருந்த டிரம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"மம்மி, அதுல இருந்தது?"

"எறா கழுவுன தண்ணி தானே? செடிக்கு ஊத்திட்டேன். நீயா கழுவி எடுத்து வெச்சிருந்தியே, பையனுக்கு இப்பவாச்சும் புத்தி வந்துச்சேன்னு நெனச்சேன்."

எங்கள் தெருவில் மீன் கழுவின தண்ணீரை எந்த வீட்டிலும் சாக்கடையில் ஊற்ற மாட்டார்கள், செடிக்குத்தான். அவளை என்னவென்று திட்டுவது? தலைகள் குப்பைக்குப் போய்விட்டன, குப்பையும் வண்டி ஏறிவிட்டது. வாசலில் பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"பேஜாரு பண்ணிட்டியே மம்மி! அந்த ஆளு வந்துட்டாரு. சாறு இல்லாம நா இன்னா பண்ணுவேன்?"

"சாறு தானே? நேத்து வெச்ச எறா கொழம்பு கீதுடா. அதும் எறா சாறு தான்."

"அதுல புளி கீது. மாங்கா கீது!"

"அதான் நல்லா இருக்கும்."

கூடத்தில் அலெக்ஸாண்டரின் குரல் கேட்டது. "இன்னா, வாசன வருது, ஆள காணோம்? பாதியில ஓடிட்டானா?" அவர் மனைவி சுகிர்தம் ஆண்ட்டி அவரை அடக்கினார். நான் நூடுல்ஸை வாணலியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு குழம்புச் சட்டியை அதன் மேல் கவிழ்த்தேன். நூடுல்ஸ் குடித்தது. குடித்துச் செக்கச்செவேல் என்று ஆனது.

தட்டில் வைத்ததும், அவர்களோடு வந்திருந்த ஜானட் என்னைப் பார்த்தாள். வீடியோ எல்லாவற்றையும் அவளுக்கும் அனுப்பியிருந்தேன். அதில் எதுவும் இந்த நிறத்தில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

அலெக்ஸாண்டர் ஒரு வாய் எடுத்தார். மென்றார். கண்ணை மூடினார்.

"அதே டேஸ்ட்டு" என்றார்.

நான் வாணலியைத் திரும்பிப் பார்த்தேன்; அம்மா வைத்த குழம்புதான் அது.

"அப்டியே சிங்கப்பூரு! இதான் சுகிர்தம், நா சொல்லிகினே இருந்தனே. இந்தப் புளி தான் மெயினு." தட்டைத் துழாவி ஒரு மாங்காய்த் துண்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "பாத்தியா? மாங்காவ கூட வுடலடா பையன்!"

"அப்பா, அங்க மாங்காலாம் போடுவாங்களா?" என்றாள் ஜானட்.

"நீ சிங்கப்பூரு பாத்துகிறியா? பாத்தவன் சொல்றேன்."

சட்டென்று எனக்கு விளங்கிவிட்டது. இந்த மனிதர் வாழ்நாளில் ஹொக்கியன் நூடுல்ஸைத் தொட்டதே இல்லை.

என் நாக்கு அரித்தது. புளி கூடவே கூடாது என்று ஊர் முழுக்கச் சொன்ன நாக்கு அது. சுகிர்தம் ஆண்ட்டியும் சந்தேகமாகப் புருவத்தை உயர்த்தினார். அலெக்ஸாண்டர் அதைக் கவனித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். குரல் மட்டும் அதட்டலாக இருந்தது, முகம் அப்படி இல்லை.

"இன்னாப்பா டெரிக், நீ தான் படிச்சு செஞ்சிருக்கியே. மாங்கா போடுவாங்க தானே?"

ஒரு பக்கம் ஹொக்கியன் நூடுல்ஸ், ஒரு பக்கம் ஜானட்.

"மாங்கா இல்லாம ஹொக்கியனே கெடையாது அங்கிள்" என்றேன்.

அவர் இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவப் பின்பக்கம் போனபோது என்னையும் கூப்பிட்டார். நான் தண்ணீர் ஊற்ற, அவர் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவினார்.

"அங்க எங்களுக்குக் கம்பெனி சோறு நைனா. பொட்டலம். காலைல கட்டினு வருவான், மத்தியானம் பிரிக்க சொல்லோ ஊசிப்போய்கினு இருக்கும். அந்தச் சீனாக்காரன் நூடுல்ஸ் கட வாசல்ல நிப்பேன், வாசன புடிச்சிட்டு பஸ் ஏறிடுவேன். இங்க வந்தா எல்லாம் ‘இன்னா துன்ன, இன்னா துன்ன’ன்னு கேக்குறானுங்கோ. இன்னா சொல்றது?"

துண்டை நீட்டினேன்.

"நெஜம்மா அது எப்டி இருக்கும்?" என்றார் துடைத்துக்கொண்டே.

"எனக்கும் தெரியாது அங்கிள். மம்மி செடிக்கு ஊத்திட்டாங்கோ."

முழுதாகச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரை ஏறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிவித்தார்:

"வர்ற வாரம் ஃபாதர பாத்து கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க சொல்லிடலாம். எடுத்த காரியத்த முடிக்கிற பையன். கல்யாணத்துக்கு ஊருக்கே இந்த நூடுல்ஸ் தான், நம்ம டெரிக் தான் மாஸ்டரு."

ஜானட் என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தையும் அப்படி ஒரு கிண்டலையும் ஒரே முகத்தில் நான் பார்த்ததில்லை. அதற்குள் சுகிர்தம் ஆண்ட்டி அம்மாவிடம் பக்குவம் கேட்க, அம்மா சிங்கப்பூரிலேயே பிறந்தவள் மாதிரி ஆரம்பித்துவிட்டாள்.

"ஒண்ணுமே இல்லங்க. மொத நாளே கொழம்ப வெச்சிடணும். அது தான் அவங்க ஊர் வழக்கம்."

அலெக்ஸாண்டர் என் காலை மெல்ல மிதித்தார்.

"ஆமா ஆண்ட்டி" என்றேன். "சுடச்சுட வெச்ச கொழம்புன்னா சீனாக்காரங்க தொடவே மாட்டாங்க."