மடங்காத குடை

புத்தகத்தின் கடைசியில் யார் எந்தப் பக்கத்தில் வருகிறார்கள் என்று அகரவரிசையில் போட்டிருப்பார்களே, பெயரடைவு, அதைத் தயாரிப்பதுதான் என் பிழைப்பு. அதை ஒருவரும் படிப்பதில்லை என்று இருபது வருஷமாக நிம்மதியாக இருந்தேன். குடைக் கலகத்தைப் பற்றிய வரலாற்று நூல் என் மேஜைக்கு வந்ததும் அந்த நிம்மதியில் மண் விழுந்தது.

"எங்கப்பா எத்தனாம் பக்கம்மா?" பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடுவார் மாமனார்.

கலகம் நடந்தது வெள்ளைக்காரன் காலத்தில். துரையின் மாளிகை வாசலைக் கடக்கிறவர்கள் வெயிலோ மழையோ, குடையை மடக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு நாள் ஒரு மனிதர் மடக்காமல் போனார். அதைப் பார்த்து, பின்னால் வந்த இருநூறு பேரும் குடையை விரித்துவிட்டார்கள். தடியடி, சிறை எல்லாம் நடந்தது. ஊரே கொதித்தெழுந்ததில் அந்தச் சட்டம் ஒழிந்தது. அந்த முதல் மனிதர்தான் மாமனாரின் அப்பா.

அவருடைய குடை இன்றும் எங்கள் கூடத்தின் நடுவில், விரித்தபடியே தொங்குகிறது. 'இதை மடக்கவே மாட்டேன்' என்று சபதம் போட்டாராம். சபதத்துக்கு மரியாதை கொடுத்து இதுவரை யாரும் அதை மடக்கிப் பார்த்ததில்லை. மின்விசிறி மாட்டவும் இடமில்லை. விடுதலையின் அருமையைக் கோடை முழுக்க வியர்த்து வழிந்தே தெரிந்துகொள்கிறோம்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் தாத்தா நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். எனக்குச் சிக்கலாக வந்து நின்றது நூற்றெட்டாம் பக்கம்தான். ஆவணக் காப்பகத்தில் நூலாசிரியர் கண்டெடுத்த தாத்தாவின் மனு ஒன்று, கையெழுத்தோடு அப்படியே படமாக அதில் இருந்தது.

"கனம் பொருந்திய துரை அவர்களுக்கு. என் குடையின் கம்பி சிக்கிக்கொண்டு மடங்கவில்லை. பின்னால் வந்தவர்களை நான் முன்பின் பார்த்ததே இல்லை. நம்பாவிட்டால் குடையைப் பார்வையிடவும்."

அன்று சாயங்காலமே தாத்தாவை விட்டுவிட்டார்களாம்.

புத்தகம் மறுநாள் அச்சுக்குப் போகிறது. வெளியீட்டு விழாவில் முதல் பிரதி வாங்கப்போவது மாமனார். புதுச் சட்டைகூடத் தைத்தாகிவிட்டது. அவர் பெயரடைவைப் பார்த்து, அதில் இருக்கும் பக்கத்தை மட்டும் புரட்டுகிற ஆள். நூற்றெட்டை விட்டுவிட்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை. இரண்டு தடவை அழித்தேன், இரண்டு தடவை திரும்ப எழுதினேன். மேடையில் எவனாவது அதை வாசித்துக் காட்டினால் மனுஷன் என்ன ஆவார்? கடைசியில் மனசு கேட்காமல் அந்த நூற்றெட்டாம் பக்கத் தாளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

படிக்கப் படிக்க அவர் முகம் சிறுத்துப்போனது.

"பொய்! வெள்ளைக்காரன் எழுதிவச்ச பொய்!"

"கீழ இருக்கறது தாத்தா கையெழுத்து மாமா."

"பொய்யா இல்லையான்னு இப்பவே காட்டறேன். டேய், ஸ்டூலைப் போடுடா!"

என் கணவர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, மாமனார் ஏறிக் குடையை இறக்கினார். தும்மினார். மடக்கினார். அது மடங்கவில்லை. முழங்காலுக்கடியில் கொடுத்து அமுக்கினார். கணவர் எண்ணெய் விட்டார். நான் காம்பைப் பிடித்து இழுத்தேன். மூன்று பேரும் மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

"துரு பிடிச்சிருக்கும்பா," என்றார் கணவர், பாவம், அப்பாவைத் தேற்றுவதற்காக.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குடைக்குள் தலையை விட்டார். ஒரு கம்பி வளைந்து பக்கத்துக் கம்பியின்மேல் ஏறி வசமாகச் சிக்கியிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதற்குக் கொடுத்தோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கப்பா பொய் சொல்லலம்மா."

"மாமா..."

"துரைகிட்டயும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கார். சபதம் கிபதம் எல்லாம் நான் சேர்த்துவிட்டது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தனாம் பக்கம்னு போட்டிருக்க?"

"நாப்பத்தொண்ணு. அப்புறம்... நூத்தியெட்டு."

"ரெண்டும் இருக்கட்டும். எதையும் எடுத்துடாத."

இதுதான் சமயம் என்று என் கணவர் மெதுவாகக் கேட்டார். "அப்ப குடையை எடுத்துப் பரண்ல வச்சிட்டு, ஃபேன் மாட்டிடலாமாப்பா?"

மாமனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பரண்ல எப்படிடா வைப்ப? அதான் மடங்கலையே!"