ஒரு வீட்டுக்கு ஒரு கை

ஞாயிற்றுக்கிழமை காலை. பனி இன்னும் திராட்சைப் பந்தலை விட்டு இறங்கவில்லை. சாவு வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே எடுக்கிற கோட்டைப் போட்டுக்கொண்டு அடேலார் நிலவறை வாசலில் நின்றான். உள்ளே இறங்கப் படி இரண்டுதான். அந்த இரண்டைத்தான் அவனுடைய வலது முட்டி ஒத்துக்கொள்ளாது.

"அத எறக்கு புள்ள."

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காத. சைக்கிள."

ஒயின் பீப்பாய்களுக்கு மேலே, காயப்போட்ட பன்றி இறைச்சிச் சலாமிகளுக்குப் பக்கத்தில், கறுப்பு சைக்கிள் தொங்கியது. அவன் பெண்டாட்டி ஜெலிந்தா அண்ணாந்து பார்த்தாள். போன வாரம் சைக்கிளில் வந்த போர்த்தோ அலெக்ரி நகரத்துப் பெண் ஒருத்தி அதைக் கீழே இறக்கவைத்து, புது டியூப் போட்டு, காற்றடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ரஃபாயேலா என்று பேர். பிரேக்கை மட்டும் அவளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கட்டை தேய்ந்து இரும்பு மட்டும் மிச்சம். "அழகுக்கு மாட்டி வைங்க, ஓட்டிறாதீங்க" என்று சிரித்தாள். வாசல் கல்லில் உட்கார்ந்து, ஜெலிந்தா கொடுத்த பொலென்டா சோளக்களியைப் பாலாடைக்கட்டியோடு தின்றபடியே, "என்ன குடுத்து வச்சவங்க நீங்க! ஒரு வண்டி கெடையாது, ஒரு சத்தம் கெடையாது. சரளை ரோடு முழுக்க நமக்கே" என்றாள். அடேலார் மாத்தே மூலிகைத் தேநீர்க் குடுவையை உறிஞ்சிவிட்டு, "ஆமாம்மா, ரொம்பக் குடுத்து வச்சவன். பிப்ரவரில அறுவடைக்கு வா. அந்தக் குடுப்பினைய ஆளுக்கொரு பெட்டி தோள்ல தூக்கலாம்" என்றான். அவளுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை.

போன வருஷம் மே மாத மழையில் மேல்பக்கம் மலை சரிந்தது. கீழ்ப்பக்கம் ஓடைப் பாலம் போனது. பழுது பார்க்கக் கொண்டுபோன சின்ன டிராக்டர் ஓடைக்கு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டது. இரண்டு பலகையைப் போட்டு ஆள் நடக்க வழி செய்தார்கள். அடுத்த அறுவடையில் இசபெல் திராட்சை முழுவதும் அந்தப் பலகை மேலேதான் போனது. வீட்டிலிருந்து ஓடை வரை கைவண்டி. ஓடையைத் தாண்டத் தோள். அந்தப் பக்கம் லாரிக்காரன் சிகரெட் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். கடைசிக்கு முந்தின நாள், ஈரப் பலகையில் அடேலாரின் கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாகப் போனது. பழத்தை விடவில்லை மனுஷன். பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே விழுந்தான். அன்றைக்குப் போனது முட்டி.

இன்றைக்குப் பூசை முடிந்ததும் சிற்றாலயக் கூடத்தில் கூட்டம். லாரி போகிற பாலம் கட்டித் தார் போடுவதா, ஆளும் சைக்கிளும் மட்டும் போகிற பாலம் போதுமா என்று நீங்களே முடிவு செய்து சொல்லுங்கள் என்று நகராட்சிக்காரர்கள் விட்டுவிட்டார்கள். சிற்றாலயத்தில் எந்தத் தீர்மானமும் வீட்டுக்கு ஒரு கைதான். தாத்தன்மார் கப்பலில் வந்து இறங்கிக் காட்டை வெட்டின காலத்துப் பழக்கம். வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் ஒரு கை. அடேலாரின் தோனெத் வீட்டில் இருப்பது இரண்டே பேர். இரண்டு பேருக்கும் இரண்டு எண்ணம்.

"நான் மட்டும் போயிட்டு வரேனே. பூசைக்கு எப்படியும் போறவதான" என்று சொல்லிப் பார்த்தாள் ஜெலிந்தா.

"ஒன்னயா? ஒன்னத் தனியா அனுப்பினா எதுக்குக் கை தூக்குவேன்னு எனக்குத் தெரியாதா?"

சைக்கிளை இறக்க முடியாது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவனால் இந்தச் சரிவில் நடந்து ஓடை வரைக்கும் போய்ச் சேர முடியாது. அவன் வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், அவள் கூடத்தில் உட்கார்ந்திருப்பாள், கை அவளுடையதாக இருக்கும். இது இரண்டு பேருக்கும் தெரியும். பீப்பாய் மேல் ஏறி நின்று, சைக்கிளைக் கொக்கியிலிருந்து கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு படி ஏறி வந்தாள்.

"பிரேக் இல்லய்யா."

"கொப்பு கட்டு."

சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான். அவளுக்கும் வாயோரம் இழுத்தது. கொப்பு கட்டி எத்தனை வருஷம்! பந்தலின் ஓரக் கம்பிகளைத் தாங்கி நிற்கிற பிளாத்தனோ மரங்களை அந்த வாரம்தான் கவாத்து செய்திருந்தாள். வெட்டிப்போட்ட கொப்புகள் வேலியோரம் குவிந்து கிடந்தன. கிளை பிரிந்து அகலமாக இருந்த ஒன்றைப் பொறுக்கி, கொடி கட்டுகிற நாரை முறுக்கிக் கேரியரில் கட்டினாள். இறக்கத்தில் அது பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும். அதுதான் பிரேக்.

அவனுக்கு இருபத்திரண்டு, அவளுக்குப் பத்தொன்பது இருக்கும்போதும் இதேதான். பட்டு நாடா மாதிரி வெள்ளையாக வளைந்து வளைந்து போகும் ரோடு. வண்டி என்றால் கழுதை வண்டிதான். ஞாயிறு மதியம் கூடத்தில் அக்கார்டியன் வாசிப்பார்கள். மேலே அவள் வீட்டிலிருந்து அவளை இறக்கத்தில் கூட்டிப்போய், ஆட்டம் முடிந்து பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். முன்கம்பியில் அவள், ஸீட்டில் அவன், பின்னால் கொப்பு. கொப்பு சரளையில் சீப்பு வாரின மாதிரி கோடு போட்டுக்கொண்டே வரும். மறுநாள் காலையில் பால் ஊற்றப் போகிற ஜெலிந்தாவின் அம்மா அந்தக் கோட்டைத்தான் படிப்பாள். கோடு நேராகப் போனால் பிழைத்தாள். எங்காவது கோடு நின்று, கால்தடம் கலந்து, மறுபடி தொடங்கியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் கேள்விதான். "அத்திமரத் திருப்பத்துல என்னடி வேல? செயின் கழண்டுச்சா? போன வாரமும் அங்கதான் கழண்டுச்சு. அந்தச் செயினுக்கு அந்த மரத்து மேல அப்படி என்ன ஆசை?"

கல்யாணமாகி வந்த சில வருஷத்தில் மேலே கருங்கல் குவாரி வந்தது. அதோடு லாரி. பீப்பாயில் ஒயின் தளும்பும், பழத்தில் மாவு மாதிரி புழுதி படியும், பேசினால் கத்தித்தான் பேச வேண்டும். முப்பது வருஷம் அந்த வீட்டில் இரண்டு பேரும் கத்தித்தான் பேசினார்கள். பாலம் போய், லாரி நின்று, முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் அடேலார் பந்தலுக்கடியில் நின்று தனக்குத்தானே எதையோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. என்ன சொன்னான் என்பது பெரிசில்லை. முணுமுணுத்தது கேட்டது. பாலம் விழுந்ததற்காக ஊரே அழுத அந்த வாரத்தில் அவள் சந்தோஷமாக இருந்தாள். இதை யாரிடம் சொல்ல முடியும்? கவாத்துக்குக்கூட ஆள் கிடைக்காத ஊரில், பெட்டியைத் தோளில் தூக்கி முட்டி உடைந்தவனுடைய பெண்டாட்டி, லாரி வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வாள்?

"ஏறு."

அவன் கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து அவள் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டான். சைக்கிள் ஒரு முனகு முனகிவிட்டு நகர்ந்தது. முதல் திருப்பம் வரை அவள் மூச்சே விடவில்லை. பின்னால் கொப்பு சரசரவென்று இழுபட, டயருக்கடியில் சரளை பொரிகிற மாதிரி கேட்டது. கீழே பள்ளத்தில் வெறும் கொடிகள் வரிசை வரிசையாகப் பனிக்குள் போய் மறைந்தன.

"மெதுவா புள்ள, கெழவனக் கொல்லப் பாக்குற."

"கனம் அப்படி. அப்ப நீ ஒல்லி."

"அப்ப நீ முன்னாடி உக்காந்த. வாய மூடிட்டு உக்காந்த."

"அப்பக் கேக்கறதுக்கு ஏதாவது பேசின நீ."

அத்திமரத் திருப்பத்தில் நிஜமாகவே செயின் கழன்றது. அவள் காலை ஊன்றி, சரளையில் வழுக்கி, ஒருவழியாக நிறுத்தினாள். அடேலார் இறங்கி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் குனிந்து செயினை மாட்டும்போது அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே வீடு வரைக்கும் அந்தக் கோடு வளைந்து வளைந்து தெரிந்தது. எங்கோ ஒரு குருவி. ஓடைச் சத்தம் அங்கிருந்தே கேட்டது.

"லாரி ஓடினப்ப இந்தத் தண்ணிச் சத்தம் இங்க கேக்காது, இல்ல?" என்றான்.

"கேக்காது."

"ம்." மரத்தைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டு, "ஆனா பழம் தண்ணிச் சத்தத்துல ஏறிப் போகாது புள்ள."

"தெரியும்யா."

"இன்னொரு வருஷம் என்னால தூக்க முடியாது."

"அதுவும் தெரியும்."

எண்ணெய்க் கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு, "ஏறு" என்றாள்.

பலகையில் அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அடி மேல் அடி வைத்து வந்தான். அவனை அக்கரையில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் போய்ச் சைக்கிளைக் கொப்போடு தூக்கி வந்தாள். அவர்கள் கூடத்துக்குள் நுழையும்போது பூசை முடிந்து கோழி வறுக்கிற வாசனை வந்துவிட்டது. வாசலில் நின்றவர்கள் சைக்கிளையும் கொப்பையும் பார்த்துவிட்டார்கள்.

"ஏ தோனெத்து! வழியில எங்கயாவது நிறுத்தினீங்களா?"

"அத்திமரத்துல நிறுத்தியிருப்பான். கோட்டப் போய்ப் பாருங்கடா!"

"செயின் கழண்டுச்சு" என்றான் அடேலார். கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. ஜெலிந்தாவுக்குக் காது சுட்டது.

சிற்றாலயத் தலைவர் ஓலிந்தோ மேசையைத் தட்டினார். ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். லாரிப் பாலம் வேண்டுமென்கிறவர்கள் வலது கை, சின்னப் பாலம் போதுமென்கிறவர்கள் இடது கை. எழுதிக்கொள்ள வேண்டாம், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வலதும் இடதுமாகக் கைகள் எழுந்தன. ஏறக்குறைய சமமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜெலிந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொண்டுவந்து சேர்த்தாயிற்று, இனி அவன் கை, அவன் பாடு.

"தோனெத் வீடு."

அடேலார் கையைத் தூக்கவில்லை. தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"அடேலார் அண்ணே, ஒங்க வீடுதான்."

"எனக்கு முட்டி சரியில்ல ஓலிந்தோ. அவ தூக்குவா."

"கை தூக்க முட்டி எதுக்கு அண்ணே?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். சிலர் சிரித்தார்கள். அடேலார் சிரிக்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. அடிபட்ட காலை பெஞ்சுக்கடியில் மெதுவாக நீட்டிக்கொண்டான்.

கூடம் முழுவதும் அவள் பக்கம் திரும்பியது. திறந்திருந்த கதவு வழியே சைக்கிள் தெரிந்தது. கொப்பு அவிழ்க்காமல் கிடந்தது. அதன் நுனியில் ஒட்டியிருந்த சரளைப் பொடி வெள்ளையாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஜெலிந்தா தன் கைகளை மடியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். குளிரில் ஹேண்டில்பாரைப் பிடித்த பிடியிலேயே இரண்டும் விறைத்துப் போயிருந்தன. விரல்கள் வளைந்தபடியே இருந்தன, இன்னும் இறக்கம் முடியாத மாதிரி.

"எந்தக் கை அக்கா?" என்றார் ஓலிந்தோ.

"இரு" என்றாள். "விரிய மாட்டேங்குது."